தாமிரபரணி: அணையின் நீர்மட்டம் சொல்லாத கணக்கு

நெல்லைச் சீமையில் காலையில் பேப்பரைப் பிரிக்கிற விவசாயி முதலில் தேடுவது பாபநாசம் அணையின் நீர்மட்டத்தைத்தான். முழு உயரம் 143 அடி. 120 அடி இருந்தால் நிம்மதி, 60 அடிக்குக் கீழே போனால் கவலை. பழகிப்போன கணக்கு இது. ஆனால் தாமிரபரணியை இந்த ஒரு எண்ணை வைத்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது. அணைகள் எல்லாம் நிரம்பியிருந்தாலும் அவற்றிலுள்ள தண்ணீர் மட்டும் இந்த ஆற்றுப் பாசனத்துக்குப் போதாது. மீதியைத் தருவது அணைக்கு மேலே இருக்கும் காடும், கீழே இருக்கும் குளங்களும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். பாபநாசம் அணையின் கொள்ளளவு சுமார் 5,500 மில்லியன் கன அடி, அதாவது ஐந்தரை டி.எம்.சி. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் தண்ணீர் திறந்தால் ஒரு நாளைக்கு 86.4 மில்லியன் கன அடி வெளியேறும். மலையிலிருந்து ஒரு சொட்டும் வராது என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய அணை 64 நாளில் காலியாகிவிடும். ஜூன், ஜூலையில் நடவாகும் 'கார்' சாகுபடியில் போடுகிற குறுகிய கால நெல்லே அறுவடைக்கு வர 105 முதல் 115 நாள் ஆகும். இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். தாமிரபரணி ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், சுமார் 86,000 ஏக்கர். ஒரு போகம் நெல்லுக்கு வயலில் சுமார் 1,200 மி.மீ., அதாவது நான்கு அடி தண்ணீர் தேவை என்று கொண்டால், எல்லா ஏக்கருக்கும் சேர்த்து 15 டி.எம்.சி. வரும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றையும் கூட்டினாலும் 12 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். வாய்க்காலில் கசிவதையும் வெயிலில் ஆவியாவதையும் இதில் சேர்க்கவே இல்லை. அப்படியும் நல்ல வருடங்களில் இங்கே இரண்டு போகம் விளைகிறது.

அந்த மீதித் தண்ணீர் முதலில் மலையிலிருந்து வருகிறது. ஆறு பிறப்பது பொதிகையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலையை ஒட்டிய சோலைகளில். அங்கிருந்து கிழக்கே இறங்கி, சுமார் 128 கி.மீ. ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலைச் சேரும் வற்றாத ஆறு என்ற பெருமை இதற்கு உண்டு. வற்றாமைக்குக் காரணம் இரண்டு பருவமழையும் இந்த மலையில் பெய்வது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகட்டைத் தாண்டி வந்து காரையாறு, சேர்வலாறு பக்கம் கொட்டுகிறது. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவு முழுவதையும் நனைக்கிறது. நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி போன்ற மலையிடங்கள் அந்த மாதங்களில் மாநிலத்திலேயே அதிக மழை பெறும் ஊர்களின் வரிசையில் வந்துவிடும். மலைமேல் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. கீழே பாளையங்கோட்டையில் சுமார் 700 மி.மீ.தான். எனவே இந்த ஆறு மழை மிகுந்த மலையின் நீரை மழை குறைந்த சமவெளிக்குக் கொண்டுவருகிறது.

மழை அதிகமாகப் பெய்தால் மட்டும் ஆறு வற்றாமல் இருந்துவிடாது. பாறைச் சரிவில் விழுந்த மழை சில மணி நேரத்தில் ஓடிவிடும். சோலைக்காட்டில் விழும் மழை, மட்கிய இலைக்குப்பைக்குள் இறங்கி, வேர்களோடு மண்ணுக்குள் போய், வாரக்கணக்கில் கசிந்து ஓடையாகிறது. பிப்ரவரியில் மழை நின்ற பிறகும் மேலே ஓடைகள் ஓடுவதற்கு இந்தக் கசிவே காரணம். காடு அழிந்தால் மழையளவு மாறாமலேகூட கோடைநீர் குறையும், மழைக்கால வெள்ளம் கூடும், வண்டல் அணைக்குள் இறங்கும். இந்தக் காடு களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகமாக 1988இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 895 ச.கி.மீ. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுவே. இதையும் உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,000க்கு மேற்பட்ட தாவர இனங்கள் உண்டு. அவற்றில் சுமார் 400 இனங்கள் ஓரிட வாழ்விகள், வேறெங்கும் இல்லாதவை. 2016இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இது சேர்ந்தது. சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு, கருமந்தி, வரையாடு, மலை இருவாச்சி எல்லாம் இங்கே உண்டு. இருவாச்சி பழத்தைத் தின்று விதையைத் தொலைவில் எச்சமிட்டுப் போகிறது. அந்த விதைகளில் முளைக்கும் மரங்கள்தான் நாளைக்கு நீரைப் பிடித்துவைக்கும். தண்ணீர்க் கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பறவையை விட்டுவிடுகிறார்கள்.

காட்டுக்குள் காணி மக்கள் வாழ்கிறார்கள். காரையாற்றை ஒட்டிய குடியிருப்புகளும், சேர்வலாறு, மயிலார், இஞ்சிக்குழி போன்ற இடங்களும் அவர்களுடையவை. மரவள்ளி, மிளகு, தேன் எனக் காட்டோடு ஒட்டிய பிழைப்பு. இஞ்சிக்குழியிலிருந்து வெளியே வர பாபநாசம் அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடக்க வேண்டும். அணையில் தண்ணீர் நிறையக் கிடந்தால் படகு ஓடும். வற்றினால் காட்டுப் பாதையில் நடை. நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம் அந்த மக்களுக்கு ரேஷன் அரிசியும் பிரசவ வலியும் சம்பந்தப்பட்ட விஷயம்.

அணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாபநாசம் மேலணை 1940களில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. 1944இல் மின் உற்பத்தி தொடங்கியது. பக்கத்திலுள்ள சேர்வலாறு அணை 156 அடி. இரண்டையும் சுரங்கக் குழாய் இணைக்கிறது. சேர்வலாற்றுத் தண்ணீர் பாபநாசத்துக்குப் போய்ச் சேர அதுவே வழி. மணிமுத்தாறு அணை 1958இல் முடிந்தது, 118 அடி, கொள்ளளவு பாபநாசத்தைப் போலவே ஐந்தரை டி.எம்.சி. ஆனால் இரண்டும் நிரம்பும் காலம் வேறு. பாபநாசம் தென்மேற்கிலும் நிரம்பும், வடகிழக்கிலும் நிரம்பும். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்கை நம்பியது. ஜூன், ஜூலையில் கார் நடவுக்குத் தண்ணீர் திறக்கும்போது கை கொடுப்பது பாபநாசமும் மலையோடைகளும்தான். தென்மேற்கு ஏமாற்றினால் கார் சாகுபடி அடிபடும், ஆனால் அக்டோபர், நவம்பரில் தொடங்கும் பிசானம் பிழைத்துக்கொள்ளும். இரண்டு பருவமழையும் பொய்த்தால்தான் குடிநீருக்கே கை வைக்க வேண்டிய நிலை வரும்.

மலையை விட்டு இறங்கிய ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் வரிசையாக நிற்கின்றன: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது மட்டும் ஆங்கிலேயர் காலத்தில், 1870களில் முடிந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தையவை. இவை தண்ணீரைத் தேக்குகிற அணைகள் அல்ல. ஆற்றின் மட்டத்தைச் சில அடி உயர்த்தி, பக்கத்துக் கால்வாய்த் தலைமதகுக்குள் தண்ணீரைத் திருப்புவதே இவற்றின் வேலை. மிச்சம் மேலே வழிந்து அடுத்த கட்டுக்குப் போகும். மருதூர் அணைக்கட்டைப் பார்த்தால் இந்த யோசனை விளங்கும். ஆற்றை நேராக வெட்டாமல் குதிரை லாடம்போல வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். வளைவதால் தண்ணீர் வழியும் விளிம்பின் நீளம் கூடுகிறது. நீளம் கூடினால் அதே வெள்ளம் குறைந்த உயரத்தில் வழியும். கட்டின் மேல் விழும் அழுத்தமும் கரைகளுக்கு வரும் ஆபத்தும் குறையும். சிமென்ட் வராத காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டியவர்களுக்கு இந்த நீரியல் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

எட்டு கட்டுகளிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. கன்னடியன் கால்வாய், அரியநாயகிபுரத்திலிருந்து கோடகன் கால்வாய், பழவூரிலிருந்து பாளையங்கால்வாய், சுத்தமல்லியிலிருந்து நெல்லைக் கால்வாய், மருதூரின் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டத்தின் வடகால், தென்கால் என்று நீளும் இந்த வலையில் 180க்கு மேற்பட்ட குளங்கள் கோத்துக் கிடக்கின்றன. ஆற்றில் வெள்ளம் போகும் நாட்களில் குளங்களை நிரப்பிக்கொள்வார்கள். ஆற்றில் வரத்து குறைந்ததும் குளத்து மடையைத் திறந்து பயிரைக் காப்பாற்றுவார்கள். ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். ஆகவே ஒரே தண்ணீர் கார், பிசானம் இரண்டுக்கும் அணையில் ஒரு தடவை, குளத்தில் ஒரு தடவை என்று சேமிக்கப்படுகிறது. முன்னே சொன்ன 15 டி.எம்.சி. கணக்கில் குறைகிற நீர் இப்படித்தான் ஈடாகிறது.

இந்த ஏற்பாட்டில் பழுது எங்கே வருகிறது என்பதும் வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். முதல் இடம் கால்வாயின் தலைப்பகுதி. மேல்மடை வயல்காரர் தேவைக்கு மேல் கட்டிக்கொண்டால் கடைமடைக்குத் தண்ணீர் வர வாரமாகும். அதற்குள் அங்கே நாற்றுக்கு வயது முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும், மகசூல் விழும். முன்பு மடையைக் கவனிக்கும் மடைக்குடும்பன் முறை வைத்துத் தண்ணீர் விட்டார். கூலியாக நெல் வாங்கினார். அந்த ஏற்பாடு தளர்ந்த இடங்களில் சண்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரண்டாவது, குளத்து வண்டல். வண்டல் படிந்தால் கொள்ளளவு குறையும்; அதைவிட மோசம், மடையின் வாயை வண்டல் அடைத்தால் குளத்தில் தண்ணீர் கிடந்தும் வயலுக்கு வராது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேல்புறமே பல பத்தாண்டு வண்டலால் தூர்ந்துபோனது. தூர்வாரும் விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. மூன்றாவது, ஊருக்குள் போகும் கால்வாய்கள். பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் நகரத்துக்குள் நுழையும்போது தெளிந்த தண்ணீராக வந்து, வெளியேறும்போது சாக்கடை கலந்து போகின்றன. கழிவுநீரின் தழைச்சத்தால் ஆகாயத்தாமரை மண்டும். மண்டினால் நீரோட்டம் மட்டுப்படும். கடைமடை மறுபடியும் காயும்.

அம்பாசமுத்திரத்தில் 1937இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இந்த ஆற்றின் தண்ணீர்க் காலண்டருக்கு ஏற்ற ரகங்களை உருவாக்கிக்கொண்டு வந்திருக்கிறது. அங்கிருந்து வந்த அம்பை 16 குட்டையான பருமன் அரிசி, குறுகிய வயது. காருக்குத் திறந்த தண்ணீர் நிற்பதற்குள் கதிர் முற்றிவிடும். ரகத்தின் வயதை அணையின் கால அட்டவணையோடு பொருத்தாமல், விலை கிடைக்கும் என்று நீண்ட வயது ரகத்தைக் காரில் போடுகிறவர்கள் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீருக்கு அலைய நேர்கிறது.

குளங்களில் தண்ணீர் நின்றதும் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2011 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் உள்ளூர் இயற்கை அமைப்புகளும் மாணவர்களோடு குளம் குளமாகப் போய் எண்ணுகின்றன. ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும், வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் இன்னும் திரும்பியிருக்காது. மணிமுத்தாற்றுப் பெருங்கால் என்ற கால்வாயின் தண்ணீர் போய்ச் சேரும் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமானது. மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டும். பட்டாசு வெடிக்காமல் தீபாவளி கொண்டாடும் ஊர் அது. பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் தலைமுறையாக அறிவார்கள். கவனிக்க வேண்டியது காலம். கூடு கட்டுவது டிசம்பர், ஜனவரியில் தொடங்கும்; குஞ்சுகள் பறக்கக் கோடை ஆகிவிடும். அதற்குள் குளம் வற்றினால் தாய்ப்பறவைக்கு மீன் கிடைக்காது, குஞ்சுகள் கூட்டிலிருந்து விழும். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விடுகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்த்தாலே பாதிக் கூடுகள் பிழைக்கும்.

கடனாநதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூரைத் தனியே சொல்ல வேண்டும். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள பழைய மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கொக்குகளும் நீர்க்காகங்களும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. 2005இல் இது பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே அந்த வகையில் முதல் அறிவிப்பு. பரப்போ வெறும் 2.84 ஹெக்டேர். மூன்று ஹெக்டேரில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆற்றங்கரை மருத மரம் ஒன்று நன்றாக ஓங்கி வளரத் தலைமுறைகள் ஆகும். வெள்ளத்தில் கரையைப் பிடித்து நிற்பது அதன் வேர். கரையில் நின்ற மருதங்கள் பல இடங்களில் போய்விட்டன. கொத்தாக அவை மிஞ்சிய இடங்களில் ஒன்று இது.

ஆற்று நீருக்குள் இருக்கும் உயிர்கள் இன்னும் குறைவாகவே பேசப்படுகின்றன. டாக்கின்சியா தாம்ப்ரபரணியை என்று இந்த ஆற்றின் பெயரையே தாங்கிய கெண்டை இனம் ஒன்று இந்த ஆற்றுப் படுகையில் மட்டும் வாழ்கிறது. ஆண் மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழைகள் நீண்டு தொங்கும். கூழாங்கல்லும் தெளிந்த ஓட்டமும் இதற்கு வேண்டும். பாறையில் ஒட்டிப் பாசி மேயும் கல்லொட்டி மீனுக்கும் அப்படியே. மணலை அள்ளி ஆற்றில் பள்ளம் விழுந்தால் அங்கே ஓட்டம் நின்று சேறு படியும்; இந்த மீன்கள் விலகும், சிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இடம் பிடிக்கும். 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்ததற்கு, குடிநீர் உறைகிணறுகள் வறண்டதும் ஒரு பின்னணி. மணல் படுகைதான் ஆற்று நீரை வடிகட்டி அந்தக் கிணறுகளுக்குக் கொடுக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர் மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல இந்தப் படுகையை நம்பியே ஓடுகின்றன.

மீன் இருக்கும் இடத்தில் நீர்நாய் இருக்கும். கரையோரப் பாறைகளில் நண்டின் ஓடும் மீனின் செதிலும் கலந்த எச்சத்தைப் பார்த்தால் கூட்டம் அந்தப் பக்கம் புழங்குகிறது என்று தெரிந்துகொள்ளலாம். பகலில் மனித நடமாட்டம் மிகுந்த துறைகளை அது விட்டு விலகிவிடும். கோரையும் நாணலும் அடர்ந்த கரை வேண்டும். கரையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று இயந்திரத்தை விட்டுக் கோரையை வழித்தெடுக்கிற நல்லெண்ணம்கூட நீர்நாய்க்குக் கேடாகிவிடுகிறது. அதே கோரையை நம்பியே பத்தமடைப் பாய் வளர்ந்தது. புல்லைக் கீறிக் காயவைத்து, பிறகு ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்திச் சாயம் ஏற்றி நெய்கிறார்கள். ஓடும் நீர் என்பது இதில் முக்கியம். தேங்கிய நீரில் ஊறினால் புல் கறுத்து நாற்றம் பிடிக்கும். பத்தமடைப் பாய் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

பாபநாசத்தில் பரிகாரமாகக் குளிக்கிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கத்தால் விளையும் சேதத்தை இன்னும் பலர் உணரவில்லை. முன்காலப் பருத்தித் துணி மட்கிவிடும். இப்போது விடுவது பாலியஸ்டர் சேலையும் வேட்டியும். அவை பாறை இடுக்கிலும் மர வேரிலும் சிக்கி, மீன் முட்டையிடும் கூழாங்கல் பரப்பை மூடி, கீழே கால்வாய் ஷட்டரில் போய் அடைக்கின்றன. டன் கணக்கில் தன்னார்வலர்கள் அள்ளியும் அடுத்த அமாவாசைக்குள் மறுபடி சேர்ந்துவிடுகிறது. சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழா நடப்பதோ புலிகள் காப்பகத்துக்குள். அங்கே வாகனத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் கட்டுப்பாடு வைக்கிறார்கள். ஆற்றில் துணி விடக்கூடாது என்ற ஒரு விதியைத் படித்துறைதோறும் ஆள் வைத்து நடைமுறைப்படுத்தினால், வேறு எந்தச் செலவுமில்லாமல் ஆறு பாதி சுத்தமாகும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சீவலப்பேரியில் குற்றாலத்து நீரைக் கொண்டுவரும் சிற்றாறு சேர்ந்தபின் ஆறு தன் கடைசிப் பகுதிக்குள் நுழைகிறது. தென்கரையில் ஆதிச்சநல்லூர், வடபக்கம் சிவகளை. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் உமி கி.மு. 1155ஆம் ஆண்டளவைச் சேர்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த வண்டலில் நெல் விளைந்திருக்கிறது. அந்த வண்டல் கடலையும் பின்னுக்குத் தள்ளியது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கி.மீ. உள்ளே கிடக்கிறது. அடுத்துத் துறைமுகமான பழையகாயலும் மண் மூடி விலகியது. இப்போது முகத்துவாரத்தில் இருப்பது புன்னைக்காயல். அங்கே அலையாத்திக் காட்டின் வேர்களுக்கிடையே இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. மீனவர்களின் வலைக்கு வரும் பிடிப்பு, ஆற்றிலிருந்து நன்னீர் எவ்வளவு வருகிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும்.

இந்தப் பகுதிதான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 செ.மீ.க்கு மேல். அணை திறந்ததால் வந்த வெள்ளம் என்று பலர் நினைத்தார்கள். அணை நீரும் சேர்ந்தது உண்மை. ஆனால் அணைகளுக்கு வெகு கீழே, சமவெளியிலேயே ஓர் ஆண்டு மழை ஒரு நாளில் விழுந்தால் அதைப் பிடித்துவைக்க எந்த அணையாலும் முடியாது. ஒரு குளத்தின் கரை உடைந்தால் அந்த நீர் மொத்தமாக அடுத்த குளத்தில் விழுகிறது. மறுகால் அத்தனையும் தாங்காமல் அதுவும் உடைகிறது. சங்கிலியாக இருப்பது வறட்சியில் வரம், பெருவெள்ளத்தில் ஆபத்து. ஏரல் பகுதி ஊர்கள் நாட்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து விநாடிக்கு 3,200 கன அடி வெள்ள நீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் திருப்ப 2009இல் தொடங்கிய வெள்ளநீர்க் கால்வாய் வறண்ட திசையன்விளை, சாத்தான்குளம் பகுதிக்குப் பெரிய உதவி. ஆனால் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டிய வெள்ளத்தில் 3,200 கன அடி மிகச் சிறிய பங்கு. வெள்ளத் தடுப்பை அதன் தலையில் ஏற்றாமல், குளத்து மறுகால்களை அகலப்படுத்துவதும், ஓடைப் புறம்போக்குகளை மீட்பதும் தனி வேலையாக நடக்க வேண்டும்.

வெள்ளத்துக்கு நேர் எதிர்ப் பிரச்சினை கோடையில். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி ஒரு சொட்டும் வழியாத மாதங்களில், ஆற்றின் கடைசிப் பகுதிக்குச் சொந்தமாகத் தண்ணீர் இல்லை. அணைக்கட்டுக்கு மேலேயே பாசனமும் குடிநீரும், தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் கொண்டுபோகும் திட்டமும் பங்குபோட்டுவிடுகின்றன. ஆற்று மட்டம் தாழ்ந்ததும் கடல் ஏற்றத்தோடு உப்புநீர் முக்காணிப் பக்கம் ஏறிவரும், நிலத்தடியிலும் புகும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை விளையும் கொடிக்கால்கள் அங்கேதான் இருக்கின்றன. அகத்தி மரத்தில் ஏறிப் படரும் அந்தக் கொடிக்கு வேர் மேலோட்டமானது, ஈரம் எப்போதும் வேண்டும், உப்பு ஆகவே ஆகாது. கிணற்று நீர் உவர்த்தால் முதலில் இலையின் ஓரம் கருகும், பிறகு கணு நெருங்கி இலை சிறுக்கும், அந்தக் கொடிக்கால் அடுத்த ஆண்டு வாழைக்கு மாறும். குறைந்தபட்ச ஓட்டமாக ஆண்டு முழுவதும் அணைக்கட்டைத் தாண்டி எவ்வளவு நீர் போக வேண்டும் என்று அளவு நிர்ணயித்து, பாசனப் பங்கைப் போலவே அதையும் திறப்பு உத்தரவில் எழுதினால்தான் ஆத்தூரின் கொடிக்காலுக்கும் புன்னைக்காயலின் வலைக்கும் உரியது போய்ச் சேரும்.